தோள்பட்டை ஆபரேஷனில் நரம்பு அடிபடாமல் இருக்க முன்கூட்டியே என்ன கேட்க வேண்டும்?

வலதுதோள் எழுதியது:

வணக்கம். என் வலது தோள்பட்டை இதுவரை 6 முறை நழுவியிருக்கிறது. முதல் முறை கைப்பந்து ஆடும்போது கையை நீட்டியபடி விழுந்ததில். கடைசியாக 5 வாரத்துக்கு முன்னால், தூக்கத்தில் புரண்டு படுத்ததற்கே நழுவிவிட்டது, ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்து அப்புறம்தான் உள்ளே தள்ளினார்கள். ஸ்கேன் பார்த்துவிட்டு, தோள்மூட்டுக் கிண்ணத்தின் முன் விளிம்பில் எலும்பு தேய்ந்திருக்கிறது, வெறும் சவ்வைத் தைத்தால் நிற்காது, லட்டார்ஜே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். அடுத்த வாரம் தேதி.

சம்மதப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படித்தேன். ரத்தப்போக்கு, தொற்று எல்லாம் எதிர்பார்த்ததுதான். "நரம்பு பாதிப்பு" என்ற இரண்டு வார்த்தையில்தான் மனம் நின்றுவிட்டது. நான் கையால் வேலை செய்து பிழைக்கிறவன். தோள் நழுவுவதை நிறுத்தப் போய் கையே தூக்க முடியாமல் போனால் என்ன செய்வது? டாக்டரிடம் கேட்டேன், "அரிதுதான், பார்த்துச் செய்வோம்" என்றார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் "பார்த்துச் செய்வோம்" என்றால் உண்மையில் எதைப் பார்ப்பார்கள், எந்த நரம்பு, எப்படி அடிபடுகிறது, அதைத் தவிர்க்க என்ன செய்கிறார்கள், என் பக்கம் நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூட்டுமருத்துவர் எழுதியது:

நல்ல கேள்வி. தோள் ஆபரேஷன் செய்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பயப்படுத்த அல்ல, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்த இரண்டு வார்த்தை இவ்வளவு பெரிதாகத் தெரியாது.

முதலில் ஒன்று. தோள் ஆபரேஷனில் நரம்பைக் கத்தி வெட்டிவிடுவது அரிது. பெரும்பாலும் நடப்பது இழுபடுவதும் அழுத்தப்படுவதும்தான். கையை ஒரு கோணத்தில் திருப்பி அதிக நேரம் அப்படியே வைத்திருப்பது, தசையை விலக்கிப் பிடிக்கும் கொக்கியை ஒரே இடத்தில் அழுத்தமாகப் போட்டு மறந்துவிடுவது, இவைதான் காரணம். அதனால் "பார்த்துச் செய்வது" என்பதில் பாதி, கை எந்த நிலையில் இருக்கிறது, கொக்கி எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்பதுதான்.

லட்டார்ஜேயில் நாங்கள் மூன்று நரம்புகளை மனதில் வைத்திருப்போம். இந்த ஆபரேஷன் 1954ல் மிஷேல் லட்டார்ஜே என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தது. தோளின் முன்னால் கொக்கி போல நீட்டிக்கொண்டிருக்கும் கொராகாய்ட் எலும்பின் நுனியை, அதில் ஒட்டியிருக்கும் தசைநாரோடு சேர்த்து வெட்டி எடுத்து, மூட்டின் முன்பக்கத்தை மூடியிருக்கும் சப்ஸ்கேபுலாரிஸ் தசையைப் பிளந்து அதன் வழியாகக் கொண்டுபோய், தேய்ந்துபோன கிண்ண விளிம்பில் வழக்கமாக 2 திருகு போட்டு இறுக்குகிறோம்.

அந்தக் கொராகாய்டில் தொங்கும் தசைக்குள்தான் மஸ்குலோகுட்டேனியஸ் நரம்பு நுழைகிறது. முழங்கையை மடக்கும் தசைக்கு அதுதான் கட்டளை கொண்டுபோவது. வழக்கமாகக் கொராகாய்டிலிருந்து 5 முதல் 8 செ.மீ. கீழே நுழையும் என்று படிப்போம், ஆனால் சிலருக்கு அதன் கிளைகள் அதைவிட மேலேயே நுழைந்துவிடும், ஆகவே "5 செ.மீ. வரை பயமில்லை" என்று நம்பி வேலை செய்யக்கூடாது. தேவைக்கு மேல் அந்தத் தசையைக் கீழே வரை பிரித்தெடுக்காமல் இருப்பதும், உள்பக்கமாக முரட்டுத்தனமாக இழுக்காமல் இருப்பதும்தான் பாதுகாப்பு.

இரண்டாவது ஆக்ஸிலரி நரம்பு, எல்லாரும் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். இது சப்ஸ்கேபுலாரிஸ் தசையின் கீழ் விளிம்பை ஒட்டிப் பின்னால் போய், எலும்பைச் சுற்றிக்கொண்டு டெல்டாய்ட் தசைக்குள் வருகிறது. தோளை மூடியிருக்கும் அந்தத் தசை வேலை செய்யாவிட்டால் கையைத் தூக்குவது கஷ்டம். கையை உடம்போடு ஒட்டி வெளிப்பக்கம் திருப்பினால் இந்த நரம்பு நாங்கள் வேலை செய்யும் இடத்தைவிட்டுக் கொஞ்சம் விலகிப் போகும், அதனால் கீழ் விளிம்பருகே வேலை செய்யும்போது கையை அப்படி வைத்துக்கொள்வோம். நான் ஒவ்வொரு திறந்த ஆபரேஷனிலும் செய்யும் ஒன்று: ஒரு ஆள்காட்டி விரலை உள்ளே சப்ஸ்கேபுலாரிஸின் கீழ் விளிம்பில் விட்டு நரம்பைத் தொடுவேன், இன்னொரு கையின் விரலை வெளிப்பக்கம் டெல்டாய்டுக்கு அடியில் வைப்பேன். உள்விரலால் மெல்ல இழுத்தால் வெளிவிரலுக்கு அது தட்டுப்படும். டக் டெஸ்ட் என்போம். நரம்பு எங்கே இருக்கிறது, முழுதாக இருக்கிறதா என்று விரலே சொல்லிவிடும். வேலை ஆரம்பிக்கும்போது ஒரு முறை, தைத்து மூடுவதற்கு முன் ஒரு முறை. அரை நிமிட வேலை.

மூன்றாவது சுப்ராஸ்கேபுலார் நரம்பு. இது பின்பக்கம், கிண்ண விளிம்பிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளித்தான் போகிறது. முன்னாலிருந்து போடும் திருகு நீளமாகி, உள்பக்கம் சாய்ந்தும் போனால் பின்னால் எட்டிப்பார்த்து இதைக் குத்தும். அதனால் திருகு கிண்ணத்தின் முகத்துக்கு இணையாகப் போகவேண்டும், நீளத்தை அளந்து போடவேண்டும்.

கேட்கவேண்டிய கேள்வி என்று கேட்டீர்கள். "இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்" என்று எல்லாரும் கேட்பார்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் நரம்புகளைச் சோதித்து எழுதி வைத்தார்களா? முன்பே இருந்த குறை எது, ஆபரேஷனால் வந்தது எது என்று பின்னால் பிரித்துச் சொல்ல அந்த ஒரு குறிப்புதான் இருக்கும். தோள் முன்பக்கமாக நழுவும்போதே ஆக்ஸிலரி நரம்பு இழுபடுவது சாதாரணமாக நடப்பதுதான், உங்களுக்கு 6 முறை நழுவியிருக்கிறது.

தோளின் வெளிப்பக்கம், சட்டைக் கைத்தையலுக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அளவு இடம். கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் யாரையாவது பஞ்சால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தொடச் சொல்லுங்கள். ஒரே மாதிரி இருக்கிறதா?

வலதுதோள் எழுதியது:

டாக்டர், மிக்க நன்றி. இப்போதுதான் தங்கையை விட்டுத் தொடச் சொல்லிப் பார்த்தேன். இடது பக்கம் பஞ்சு பஞ்சாகத் தெரிகிறது. வலது பக்கம் ஏதோ சட்டைக்கு மேலே தொடுவது போல மந்தமாக இருக்கிறது. மூன்று முறை செய்து பார்த்தோம், இரண்டு முறை அவள் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு நாளாக நான் இதைக் கவனிக்கவே இல்லை. கை தூக்க முடிகிறது, ஆனால் வலது கை சீக்கிரம் களைத்துவிடும், அது நழுவலால் வந்த பலவீனம் என்று நினைத்திருந்தேன்.

இது ஆபத்தா? படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மூட்டுமருத்துவர் எழுதியது:

பதறாதீர்கள். கை தூக்க முடிகிறது என்பது ஆறுதல்தான், மற்ற தசைகளாலும் கையைத் தூக்க முடியும் என்பதால் அதை மட்டும் வைத்து நரம்பின் நிலையைச் சொல்லிவிட முடியாது. அதனால் இதை நாளைக்கே உங்கள் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும், ஆபரேஷன் அன்று காலையில் அல்ல. கையெழுத்துப் போட்டதால் எதுவும் பூட்டிவிடவில்லை, தேதி மாற்றலாம்.

இன்னொன்று, தோலின் உணர்ச்சி மட்டும் பார்த்தால் போதாது. உணர்ச்சி நன்றாக இருந்து தசை வேலை செய்யாதவர்களும் உண்டு, திருப்பியும் உண்டு. அவர் டெல்டாய்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, உங்கள் முழங்கையை முன்னால், பக்கவாட்டில், பின்னால் தள்ளச் சொல்லி, மூன்று பாகமும் தனித்தனியாக இறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். இ.எம்.ஜி., அதாவது தசையின் மின்செய்தியைப் பதிவு செய்யும் பரிசோதனை, எடுக்கச் சொல்லலாம். அடிபட்டு 3 அல்லது 4 வாரம் ஆன பிறகுதான் அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டும், உங்களுக்கு 5 வாரம் ஆகிவிட்டது.

தேன்மொழி எழுதியது:

தம்பி, நான் இதை அனுபவித்தவள், அதனால் சொல்கிறேன். எனக்குச் செய்தது வேறு ஆபரேஷன், மேல்கை எலும்பு தோளருகே உடைந்து பிளேட் வைத்தார்கள். பக்கவாட்டில் டெல்டாய்டைப் பிளந்து செய்தது. முடிந்த மறுநாள் கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்க வரவில்லை. வலி என்றார்கள். ஒரு வாரம் கழித்து வீக்கம் என்றார்கள். மூன்றாவது வாரம் குளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்க்கிறேன், இடது தோள் உருண்டையாக இருக்கிறது, வலது தோள் மேசை விளிம்பு போலத் தட்டையாக, எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது. நான் போய் வற்புறுத்தியதால்தான் 4வது வாரம் இ.எம்.ஜி. எடுத்தார்கள். ஆக்ஸிலரி நரம்பு.

யாரையும் திட்ட எழுதவில்லை. நரம்பு இழுபட்டது தவறு என்று கூட நான் சொல்லமாட்டேன், நடக்கக்கூடியதுதான் என்று படிவத்தில் இருந்தது. எனக்கு இன்றும் ஆறாதது அந்த மூன்று வாரம்தான். முதல் நாளே யாராவது என் தோளில் கை வைத்து "தசை இறுகவில்லை" என்று சொல்லி எழுதியிருந்தால் நான் அவ்வளவு குழம்பியிருக்க மாட்டேன், வலியைப் பொறுத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று என்னையே நொந்துகொண்டிருக்க மாட்டேன்.

எனக்குத் திரும்பி வந்தது. ஐந்தாவது மாதம் ஒரு சாயங்காலம் சும்மா உட்கார்ந்து முழங்கையைப் பின்னால் தள்ளிப் பார்த்தபோது, இடது கை விரலுக்கு அடியில் தோள் லேசாகத் துடித்தது. பூச்சி நகர்வது மாதிரி. அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு இன்னும் ஏழெட்டு மாதம் ஆனது துணி உலர்த்தும் கயிற்றுக்குக் கை எட்ட.

மூட்டுமருத்துவர் எழுதியது:

தேன்மொழி அம்மா சொன்னது ரொம்ப முக்கியம். டெல்டாய்டைப் பிளந்து போகும் வழியில், தோள்முனை எலும்பிலிருந்து 5 செ.மீ.க்குக் கீழே பிளவு போகக்கூடாது என்பது பழைய விதி, ஏனென்றால் ஆக்ஸிலரி நரம்பு அங்கே சுமார் 5 முதல் 7 செ.மீ. தூரத்தில் குறுக்காக ஓடுகிறது. பிளவின் அடியில் ஒரு தையல் போட்டு வைப்பது கொக்கி இழுக்கும்போது அது தானாகக் கிழிந்து கீழே இறங்காமல் இருக்கத்தான். குட்டையானவர்களுக்கு அந்தத் தூரம் இன்னும் குறையலாம். நீளமான பிளேட் வைக்க வேண்டியிருந்தால் நரம்பை விரலால் தொட்டுக் கண்டுபிடித்து, அதற்கு அடியில் பிளேட்டை நுழைப்பார்கள்.

நரம்பு ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செட்டன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1943ல் பிரித்த மூன்று நிலைகளைத்தான் இன்றும் பேசுகிறோம். நரம்பின் இழை அறாமல் செய்தி மட்டும் நின்றுபோனால், அது சில வாரங்களிலிருந்து 3 மாதத்துக்குள் தானே சரியாகும். உள்ளே இழை அறுந்து வெளியுறை மட்டும் மிஞ்சினால், இழை அந்த உறை வழியாகத் திரும்ப வளர வேண்டும், ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ. என்று கணக்கு. முழுதாக அறுந்தால் தானாக வராது. பொதுவாக 3 மாதத்தில் மறுபடி இ.எம்.ஜி. எடுத்து, எந்த அசைவும் தெரியாவிட்டால் 3 முதல் 6 மாதத்துக்குள் நரம்பு அறுவை நிபுணரிடம் காட்டிவிட வேண்டும். "காத்திருங்கள், வரும்" என்று ஒரு வருடம் ஓட்டிவிடக்கூடாது, நரம்பு வராத தசை மெல்ல மெல்ல நாராகிவிடும், அப்புறம் நரம்பைத் தைத்தும் பெரிய பலன் இருக்காது.

மயக்கவியல்_அறை எழுதியது:

எல்லாரும் கத்தி பிடிப்பவரையே பேசுகிறீர்கள். நான் மயக்க மருந்து தருபவன், எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

தோள் ஆபரேஷனுக்குக் கழுத்தில் ஓர் ஊசி போட்டுக் கையை மரத்துப்போகச் செய்வோம், இன்டர்ஸ்கேலின் பிளாக். ஒருமுறை போட்டால் பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம் வரை கை மரத்திருக்கும். வலிக்கு மிக நல்லது. ஆனால் அந்த நேரம் முழுக்க நரம்பு அடிபட்டிருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஊசி போடுவதற்கு முன்னாலேயே சோதனையை முடித்து எழுதிவிட வேண்டும், மரப்பு தெளிந்த பிறகு மறுபடி சோதிக்க வேண்டும். அந்த இரண்டாவது சோதனைதான் விட்டுப்போவது, இரவில் தெளிந்துவிடும், காலையில் எல்லாரும் கட்டைப் பார்ப்பார்கள், வலி கேட்பார்கள், போய்விடுவார்கள். நீங்களே கேளுங்கள்.

வலதுதோள், உங்களுக்கு ஏற்கனவே மந்தமாக இருக்கிறது என்றால் எங்களிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும். முன்பே நொந்துபோன நரம்பின் வழியில் இன்னொரு ஊசி போடலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். சிலர் போடமாட்டார்கள், சிலர் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே குறைந்த அளவு மருந்து போடுவார்கள். கூடவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த ஊசியால் அதே பக்கத்து உதரவிதானம் சில மணி நேரம் வேலை செய்யாமல் போவது மிகச் சாதாரணம், மூச்சு முழுதாக இழுக்க வராத மாதிரி இருக்கும். குரல் கம்மலாம், ஒரு கண் இமை தொங்கலாம். இவை மருந்து இறங்கியதும் போய்விடும். நுரையீரல் நோய் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் படுக்க வைக்கும் விதம். சாய்வு நாற்காலி மாதிரி உட்கார வைத்துச் செய்தால் தலை நடுவாக இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. தலை மறுபக்கம் சாய்ந்துவிட்டால், கை ஒரு பக்கம் இழுபட, கழுத்து மறுபக்கம் போக, நடுவில் நரம்புப் பின்னல் முழுவதும் கயிறு மாதிரி விறைத்துக்கொள்ளும். மேலே துணி போர்த்தியபின் முகம் தெரியாது, அதனால் அரை மணிக்கு ஒருமுறை துணிக்கு அடியில் கைவிட்டுத் தலையைத் தொட்டுப் பார்ப்பேன். தலைப்பட்டை காதுமடலை அழுத்தினால் காதைச் சுற்றி மரத்துப்போகும். மற்ற கையின் முழங்கைக்கு அடியில் மெத்தை வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேஷன் செய்யாத கையில் சுண்டுவிரல் மரத்துப்போய் எழுந்திருப்பீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து எடைகட்டிக் கையை இழுத்துச் செய்யும் முறையில் எவ்வளவு எடை, எவ்வளவு நேரம் என்பதில் இன்னும் கவனம் வேண்டும்.

மாலதி_எம் எழுதியது:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு 74 வயது, ரிவர்ஸ் தோள் மாற்று (பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றி வைக்கும் செயற்கை மூட்டு) செய்யச் சொல்கிறார்கள். அதிலும் இதே பயம் உண்டா? நரம்பை மெஷினில் பார்த்துக்கொண்டே செய்யும் வசதி இருக்கிறது என்கிறார்களே, அது கட்டாயமா?

மூட்டுமருத்துவர் எழுதியது:

உண்டு மாலதி, கொஞ்சம் வேறு விதத்தில். அந்த மூட்டின் அமைப்பே கையைக் கீழே இறக்கி, டெல்டாய்டை இழுத்து விறைப்பாக்கித்தான் வேலை செய்ய வைக்கிறது. கை சில செ.மீ. நீளமாகிவிட்டால் நரம்பும் கூடவே இழுபடும், அதனால் எவ்வளவு நீளமாக்குவது என்பதை முன்கூட்டியே இரண்டு கையின் எக்ஸ்ரேயையும் அளந்து முடிவு செய்வார்கள்.

மெஷின் விஷயம். ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பின் மின்செய்தி குறைகிறதா என்று காட்டும் கருவி உண்டு. கட்டாயம் இல்லை, எல்லா இடத்திலும் வழக்கமும் இல்லை. ஆனால் அது எங்களுக்குக் கற்றுத் தந்தது பெரிய விஷயம்: கையை ஓர் ஓரத்துக்குத் திருப்பி வைத்திருக்கும்போதுதான் செய்தி குறைகிறது, கையைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவந்து கொக்கியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்பி வருகிறது. அதைத் தெரிந்துகொண்டபின் மெஷின் இல்லாவிட்டாலும், கஷ்டமான ஒரு கட்டம் முடிந்ததும் கொக்கியைத் தளர்த்தி, கையை மடிமேல் வைத்து, ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன். என் உதவியாளர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன். ரெண்டாவது முறை ஆபரேஷன் செய்கிற தோள் என்றால் இதில் இன்னும் கண்டிப்பாக இருப்பேன், பழைய தழும்புக்குள் நரம்பு ஒட்டிக்கொண்டு நகர இடமில்லாமல் இருக்கும்.

வலதுதோள் எழுதியது:

12 நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மறுநாளே போய்ச் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை, சட்டையைக் கழற்றச் சொல்லி ஊசிமுனையாலும் பஞ்சாலும் பார்த்தார், முழங்கையைத் தள்ளச் சொல்லி டெல்டாய்டின் மூன்று பாகத்தையும் பிடித்துப் பார்த்தார். நடுப்பாகம் வலது பக்கம் பலவீனம். "நல்லவேளை சொன்னீர்கள்" என்று என் முன்னாலேயே ஃபைலில் எழுதினார், தோளின் படம் வரைந்து மந்தமான இடத்தைக் கோடு போட்டார். இ.எம்.ஜி. எடுத்தாயிற்று. ஆக்ஸிலரி நரம்பில் பகுதி பாதிப்பு, மீண்டு வரும் அறிகுறி தெரிகிறது என்று அறிக்கை. ஆபரேஷனை 2 மாதம் தள்ளிவைத்து, அதற்கு முன் இன்னொரு முறை இ.எம்.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டுச் செய்வோம் என்றார். மயக்க மருந்து டாக்டரையும் அன்றைக்கே பார்க்கச் சொன்னார்.

டக் டெஸ்ட் பற்றிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே தன் இரண்டு விரலையும் என் தோள்மேல் வைத்து எங்கிருந்து எங்கே என்று காட்டினார். அவரும் செய்கிறார்.

தேன்மொழி அக்கா, உங்கள் மூன்று வாரக் கதையைப் படிக்காமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஒரே ஒரு சந்தேகம், இந்த 2 மாதத்துக்குள் மறுபடி நழுவினால் நரம்பு இன்னும் கெட்டுவிடாதா?

தசைப்பயிற்சி எழுதியது:

பிசியோதெரபிஸ்ட் நான். ஆமாம், மறுபடி நழுவினால் மறுபடி இழுபடும், அதனால் இந்த இரண்டு மாதமும் கையைப் பக்கவாட்டில் உயர்த்தி வெளிப்பக்கம் திருப்பும் அசைவு வேண்டவே வேண்டாம். பந்து எறிவது போன்ற அந்த நிலை, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பது, பின் சீட்டிலிருந்து பையை எடுப்பது எல்லாம் அதில் வரும். தூக்கத்தில்தான் கடைசியாக நழுவியது என்றீர்கள், ஆகவே இரவில் ஸ்லிங் போட்டுக்கொண்டு, வலது முழங்கைக்கு அடியில் தலையணை வைத்து மல்லாந்து படுங்கள். பகலில் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, சுவரில் லேசாகத் தள்ளி 5 நொடி பிடிக்கும் பயிற்சி போதும், உங்கள் டாக்டர் சரி என்றால். தோள் கீழே இறங்கித் தொங்குவது போலத் தெரிந்தாலோ, மந்தமான இடம் பெரிதானாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

தேன்மொழி எழுதியது:

தம்பி, அந்தக் கோடு போட்ட படத்தை உன் போனிலும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள். ஆபரேஷன் முடிந்து மரப்பு தெளிந்ததும் தங்கையை விட்டு அதே பஞ்சால் அதே இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல். வந்து எழுது, காத்திருப்பேன்.